மூணு ராஜாவை மடக்கினவன்

ஜன்னலை இழுத்து விட்டுருங்க தம்பி. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியாச்சு, இனி சாரல் உள்ளே அடிக்கும். நாப்பது வளைவு இருக்கு, இப்பத்தான் மூணாவது. வால்பாறைக்கு முதல் தடவையா வர்றீங்க போல. பையை மடியில வச்சு இறுக்கிப் பிடிச்சிருக்கீங்களே, அதை வச்சுச் சொன்னேன். ஆளைப் பாத்துச் சொல்லிருவேன். அது ஒண்ணுதான் என்கிட்ட உருப்படியா இருக்கு.

பின்னாடி நாலு பேர் சீட்டுப் போட்டுக்கிட்டு வர்றாங்க, கேக்குதா? கல்யாணத்துக்குப் போற கூட்டம்னு நினைக்கிறேன். பச்சைச் சட்டைக்காரர் ஒவ்வொரு ஆட்டத்துலயும் கடைசி வரைக்கும் பாத்துட்டுத்தான் விடுறார். "காட்டு, காட்டு"ன்னு அவர் குரல்தான். அந்த மாதிரி ஆள் பொழுதுக்கும் தோத்துக்கிட்டே இருப்பார். தவசீலனும் அப்படித்தான் இருந்தான், என்கிட்ட வரும்போது.

தவசீலன் யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும். பரவால்ல, சொல்றேன். இறங்கிட்டா நீங்க யாரோ நான் யாரோ. அப்புறம், இன்னைக்கு நான் போறதே அவன் விஷயமாத்தான். பதினோரு மணிக்கு விசாரணை.

நீலவட்டம் எஸ்டேட்ல நான் பீல்டு ஆபீசர். மார்ச்சோட ரிட்டயர் ஆகிட்டேன், இப்போ பொள்ளாச்சியில இருக்கேன். போன வருஷம் மே மாசம் தவசீலன் வந்து சேர்ந்தான். இருபத்தேழு இருபத்தெட்டு வயசு. நாசரேத் பக்கம். அக்ரி படிச்சவன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகலை. பொண்டாட்டி பேர் எப்சிபா. ரெண்டு பேரும் என் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ்ல இருந்தாங்க.

எஸ்டேட்டுல மேல் டிவிஷன்னு ஒண்ணு உண்டு. ஆறு கிலோமீட்டர், சோலைக்கு நடுவுல பாதை. காலையில ஏழு மணிக்கு அங்கே மஸ்டர், அதாவது ஆளெடுப்பு. யார் வந்தா, யார் வரலை, யாருக்கு எந்தத் தேயிலைக் காடுன்னு பிரிச்சு விடணும். அதுக்கு ஆபீசர் ஒருத்தர் அஞ்சே முக்காலுக்கு பைக்கை எடுக்கணும். மேல் டிவிஷன் ஆபீசர் வேலையை விட்டுட்டுப் போயிட்டார், கம்பெனி புது ஆள் போடலை. அதனால வாரத்துல ஆறு காலை, நானும் தவசீலனும் மூணு மூணா பிரிச்சுக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டார்.

மழைக்காலத்துல அந்தப் பாதையில அஞ்சே முக்காலுக்குப் போறது என்னன்னு உங்களுக்குச் சொன்னா புரியாது. முன்னாடி பத்தடி தெரியாது. பைக் லைட் போட்டா பனி இன்னும் வெள்ளையாகும். காட்டெருமை நிக்கும், அசையாது. ஆனை நின்னா அதுவும் தெரியாது. பாறைன்னு நினைச்சுக்கிட்டு கிட்டத்துல போயிருவோம்.

எனக்கு அப்போ வயசு அம்பத்தேழு. முழங்கால் சரியில்லை. அதை முதல்லயே சொல்லிடுறேன், பின்னாடி யாரும் வேற மாதிரி சொல்லக் கூடாது.

ஞாயித்துக்கிழமை மதியம் கிளப்ல சீட்டு ஆடுவோம். கிளப்னா பெருசா நினைக்காதீங்க, ஒரு பழைய ஓட்டுக் கட்டிடம், ரெண்டு மேஜை, ஒரு போன். அந்தக் காலத்துத் துரைமார் விட்டுட்டுப் போன ஆட்டம், போக்கர். எனக்கு முந்தின ஆபீசர்கிட்ட நான் கத்துக்கிட்டேன். பணம் வச்சு ஆடக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு. அதனால தீக்குச்சி. நானும் தவசீலனும் ஆடுவோம். எஸ்டேட் டாக்டர் நஞ்சப்பன் சீட்டுப் பங்கு போடுவார். அவர் ஆட மாட்டார், பிரஷர். பாத்தாலே ஏறுதுன்னுவார். ஆனா வந்து உக்காந்துக்குவார்.

வெறும் தீக்குச்சிக்கு ஆடினா ஆட்டத்துல உப்பு இருக்காது இல்லையா. ஒரு ஞாயித்துக்கிழமை தவசீலன்தான் சொன்னான்: "சார், பத்துக் குச்சிக்கு ஒரு காலைன்னு வச்சுக்கலாமா?" அவன்தான் சொன்னான். நான் சொல்லலை. அதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. பத்துக் குச்சி தோத்தா எதிராளியோட ஒரு காலை ரவுண்டை இவன் எடுத்துக்கணும். தோத்தவன்தான் திங்கட்கிழமை ஆரம்பிக்கணும். மேனேஜருக்கு யார் போனா என்ன, மஸ்டருக்கு ஆள் நின்னாச் சரி.

ஜூன்ல நாலு வாரமும் அவன்தான் தோத்தான். மூணு வாரம் ஆறு காலையும் அவனே போனான். சிரிச்சுக்கிட்டே போனான், சின்ன வயசு.

எனக்கே பாவமா இருந்துச்சு. அவனுக்குத் தோக்கத் தெரியலை தம்பி. தோக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. கையில ஒண்ணும் இல்லாட்டியும், நான் வச்ச அளவு குச்சியை அவனும் வச்சுக் கடைசி வரைக்கும் வந்து என் சீட்டைப் பாத்துருவான். "என்ன வச்சிருந்தீங்கன்னு தெரியாம எப்படி சார் தூங்குறது?"ம்பான். ஒரு நாள் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தேன். சும்மா ஜெயிச்சுக்கிட்டே இருந்தா எனக்கென்ன, ஆனா நான் அப்படி ஆள் இல்லை.

"பந்தயம் கட்டுறது ரெண்டே காரணத்துக்குத்தான் தவசீலா" அப்படின்னேன். "உன்னை விட மட்டமான சீட்டு வச்சிருக்கவன் ஆசைப்பட்டு உன் பின்னாடி வரணும். இல்லை, உன்னை விட நல்ல சீட்டு வச்சிருக்கவன் பயந்து ஓடணும். இந்த ரெண்டுல ஒண்ணும் நடக்காதுன்னா வாயை மூடிக்கிட்டு இரு. ரொம்ப நல்ல சீட்டா, கட்டு. ஒண்ணுமே இல்லையா, நேரம் பாத்து அப்பவும் கட்டு. நடுவாந்தரமா இருந்தா மட்டும் கட்டாதே."

"ஒண்ணுமே இல்லாம கட்டுறதா சார்?"

"உதார்தான். ஆனா உதார் விடுறவன் அதுக்கு முன்னாடி பத்து தடவை யோக்கியனா ஆடியிருக்கணும். அப்பத்தான் பதினோராவது தடவை நம்புவாங்க. அப்புறம், நல்ல சீட்டுக்கு எவ்வளவு வைக்கிறியோ உதாருக்கும் அதே அளவு வை. கூடக் குறைய வச்சேன்னா, வைக்கிறதைப் பாத்தே கண்டுபிடிச்சிருவான்."

பையன் நோட்டுல எழுதிக்கிட்டான். நெசமாத்தான். அக்ரி படிச்சவன் இல்லையா, நோட்டுப் போட்டு எழுதினான். கையில நாலு ஆட்டின் சீட்டு இருந்து, அஞ்சாவது ஆட்டினுக்காக ஒரு சீட்டு மாத்தினா எத்தனை தடவைக்கு ஒரு தடவை வரும்னு கேட்டான். அஞ்சுக்கு ஒண்ணுன்னேன். அப்போ அஞ்சு மடங்கு கிடைக்காத எடத்துல அதுக்கு ஆசைப்படக் கூடாதுன்னு அவனே கணக்குப் போட்டுச் சொன்னான். டாக்டர் "அடப்பாவி"ன்னு சிரிச்சார். புத்திசாலி. அதுல சந்தேகமே இல்லை.

ஆனா மடக்குறது மட்டும் வரலை. அதுக்குத்தான் நான் பாடுபட்டேன். சீட்டைக் கவுத்துட்டு எந்திரிக்கிறது தோல்வி இல்லைடா, அது ஒரு சின்னச் செலவு, பெரிய செலவைத் தடுக்கிற செலவுன்னு எத்தனை தடவை சொன்னேன். ஜூலை முழுக்க அதேதான். அவன் மடக்கினா "சபாஷ்"ம்பேன். மடக்காம வந்து பாத்தா ஒண்ணும் பேசாம அவன் குச்சியை வாரிக்குவேன். குழந்தைக்கு நடக்கச் சொல்லிக் குடுக்கிற மாதிரி.

கொஞ்சம் கொஞ்சமா வந்துருச்சு. ஆகஸ்ட் பொறந்ததும் நாங்க சரிக்குச் சரி ஆடினோம். முதல் ஞாயித்துக்கிழமை அவன் ஜெயிச்சு, அந்த வாரம் நான் நாலு காலை போனேன். அந்த நாலு காலையும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை பன்னிரண்டாவது நம்பர் திருப்பத்துல கரடி குறுக்க ஓடுச்சு. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஈர உடுப்போடவே உக்காந்திருந்தேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. தவசீலன் கேட்டப்போ, "பாதை நல்லாத்தான் இருக்கு"ன்னேன். நம்ம பயத்தை எதிராளிக்கு எதுக்குக் காட்டணும்.

எதிராளின்னா விரோதின்னு அர்த்தம் இல்லை. ஆட்டத்துல எதிர்ல உக்காந்திருக்கவன்.

இது எத்தனாவது வளைவு? பதினாலா? பனி ஏறுது பாருங்க. டிரைவர் நல்ல டிரைவர், பயப்படாதீங்க.

ஆகஸ்ட் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. காலையிலேருந்தே விடாம மழை. ரெண்டு மணிக்கு நான் கிளப்புக்குப் போனேன். அவங்க ரெண்டு பேரும் இன்னும் வரலை. குடையை மடக்கி வைக்கிறேன், போன் அடிக்குது. மேல் டிவிஷன் வாட்சர் சடையன்.

"சார், ஒத்தை ஆனை ஒண்ணு வந்திருக்கு. ஒம்பதாம் நம்பர் காட்டுக்கிட்ட, ஓடைப் பாலத்துக்குப் பக்கத்துல நிக்குது. கன்னத்துல மதநீர் ஒழுகுது சார். பாடியில ரெண்டு தொழிலாளி வீட்டுச் சுவரை இடிச்சிருச்சு. நாளைக்குக் காலையில பைக்ல யாரும் வர வேண்டாம்னு சொல்லிருங்க. ஜீப்புல, ஆளுங்களோட, வெளிச்சம் வந்த பின்னாடி வரச் சொல்லுங்க."

சரின்னு சொல்லி வச்சுட்டேன்.

இதைத்தான் இப்போ எல்லாரும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் உங்ககிட்ட மறைக்கலை பாருங்க. போன் வந்துச்சு. ஆனா அந்த மாதிரி போன் மழைக்காலத்துல வாரத்துக்கு ரெண்டு வரும் தம்பி. ஆனை நிக்கும், நகர்ந்து போயிரும். பதினஞ்சு மணி நேரம் ஒரே எடத்துல நிக்க அதுக்கு என்ன வேண்டுதலா. அதுவும் போக, அப்போ யார் திங்கட்கிழமை போகப் போறாங்கன்னே முடிவாகலை. யார்கிட்டன்னு சொல்றது?

டாக்டரும் தவசீலனும் ஒண்ணா வந்தாங்க. டாக்டர், "போன் அடிச்ச மாதிரி இருந்துச்சே"ன்னார். "ஃபேக்டரியிலேருந்து. கரண்ட் போயிருச்சாம்"னேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டா எனக்கே தெரியலை.

ஆட ஆரம்பிச்சோம். மூணு மணி நேரம். ஏறும், இறங்கும். அஞ்சு மணிக்கு ரெண்டு பேர் கையிலயும் ஒரே அளவு குச்சி. டாக்டருக்கு ஒரு கேஸ் பாக்கப் போகணும், கடைசி ஆட்டம்னார். வழக்கப்படி ஆளுக்கு ஒரு குச்சி நடுவுல வச்சோம். பங்கு போட்டார். ஆளுக்கு அஞ்சு சீட்டு.

என் கையில என்ன வந்துச்சு தெரியுமா. ஒரு ஏஸ். ஒம்பது. ஏழு. நாலு. மூணு. பூவும் சேரலை. ஒரு ஜோடிகூட இல்லை. அந்த ஒத்தை ஏஸை வச்சு ஒண்ணும் கிழிக்க முடியாது.

தவசீலன் பத்துக் குச்சி வச்சான். நான் அந்த எடத்துல மடக்கியிருக்கணும். மடக்கினா நடுவுல வச்ச ஒரு குச்சி போகும், ஒரு குச்சின்னாலும் தோத்தவன் நான்தான், திங்கட்கிழமை நான். ஓடைப் பாலம்.

பத்து வச்சேன்.

டாக்டர் "மாத்தணுமா?"ன்னு கேட்டார். தவசீலன் ரெண்டு சீட்டு மாத்தினான். ரெண்டு மாத்தினா கையில மூணு ஒரே மாதிரி இருக்குன்னு அர்த்தம். நல்ல சீட்டு. டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் கையை ஆட்டினேன், வேண்டாம், இருக்கிறதே போதும்னு.

இதுதான் ஆட்டம் தம்பி. ஒரு சீட்டும் மாத்தலைன்னா என்ன அர்த்தம்? கை நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்த மூணு மாசத்துல நான் ரெண்டே தடவைதான் சீட்டு மாத்தாம நின்னிருக்கேன். ரெண்டு தடவையும் நெசமான சீட்டு. ரெண்டு தடவையும் அவன் வந்து பாத்தான், தோத்தான். மூணு மாசமா நான் போட்டு வச்சிருந்த நம்பிக்கை அது. எப்போ எடுக்கப் போறேன்னு எனக்கே தெரியாம போட்டு வச்சிருந்தேன்.

அவன் ஒண்ணும் கட்டலை, மேஜையைத் தட்டினான். நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு இருபது குச்சி எண்ணி வச்சேன். முதல் ரெண்டு தடவையும் அதே இருபதுதான் வச்சேன்.

அவன் யோசிச்சான். மழை ஓட்டு மேல கொட்டுது, ஒருத்தர் பேசினா ஒருத்தருக்குக் கேக்காது. ரொம்ப நேரம் யோசிச்சான். அப்புறம் சொன்னான், "சார், வியாழக்கிழமை எப்சிபாவைக் கோயமுத்தூருக்கு ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போகணும். அஞ்சாம் மாசம்." நான் மிச்சக் குச்சியை நேரா அடுக்கினேன். "பாத்துத் தோத்தா ஆறு நாளும் என்னோடது. மடக்கினா நாலு காலை, வியாழக்கிழமையை நீங்க எடுத்துக்கலாம்." அவனே அவனுக்குச் சொல்லிக்கிறான். "மடக்கட்டுமா சார்?"

"சீட்டு கையில இருக்கும்போது என்னைக் கேக்கக் கூடாது"ன்னேன். அதுதானே நியாயம்.

அவன் சீட்டைத் திருப்பி மேஜையில விரிச்சான். மூணு ராஜா. ஒரு ஆறு, ஒரு ஜாக்கி. "பாருங்க சார், மூணு ராஜாவை மடக்குறேன்." அவன் முகத்துல ஒரு சந்தோஷம். பரீட்சையில பாஸானவன் மாதிரி. டாக்டர்கிட்ட, "மே மாசமா இருந்தா செத்தாலும் மடக்கியிருக்க மாட்டேன், இல்லையா டாக்டர்"னான்.

நான் அவன் முதுகைத் தட்டிக் குடுத்தேன். நெசமாவே எனக்குப் பெருமையா இருந்துச்சு. முப்பது வருஷம் ஆடினவன்கூட மூணு ராஜாவை மடக்க மாட்டான். அவ்வளவு அழகா மடக்கினான். என் சீட்டைக் கவுத்துக் கட்டுல செருகிட்டேன். டாக்டர் மொத்தத்தையும் வாரிக்கிட்டார்.

வெளியே வரும்போது மழை கொஞ்சம் விட்டிருந்துச்சு. என்கூடவே வீடு வரைக்கும் நடந்து வந்தான். ஸ்கேன் பத்திப் பேசினான், பொண்ணுன்னா என்ன பேர் வைக்கலாம்னு பேசினான். கேட்டுக்கிட்ட வந்ததும், "அஞ்சரைக்கு அலாரம் வைக்கணும் சார்"னு சொல்லிட்டு உள்ளே போனான்.

திங்கட்கிழமை காலையில பைக் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. முழிச்சுத்தான் இருந்தேன். முதல் கியர், ரெண்டாவது, ஃபேக்டரி திருப்பம், அப்புறம் மேல ஏறுற சத்தம். அதுக்கப்புறம் மழைதான். எந்திரிச்சு டீ போட்டேன். குடிச்சேன். ஆறேகால் இருக்கும், சங்கு ஊதினாங்க. ஃபேக்டரிச் சங்கு ஏழு மணிக்குத்தான் ஊதும். ஆறேகாலுக்கு ஊதினா என்னன்னு எஸ்டேட்ல எல்லாருக்கும் தெரியும்.

ஓடைப் பாலத்துலயேதான் கிடந்தான். ஆனை அங்கேயேதான் நின்னிருக்கு, ராத்திரி முழுக்க. நான்தான் ஜீப்புல முதல்ல போனேன், நான்தான் அடையாளம் சொன்னேன். வேற யாரும் கிட்டப் போகலை. அதையும் எழுதிக்குங்கன்னு இன்னைக்குச் சொல்லப் போறேன். ஹெல்மெட் போட்டிருந்தான். ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகலை.

எப்சிபாவுக்கு யார் சொல்றதுன்னு நின்னப்போ டாக்டர்தான் போனார். நான் போகலை. எனக்கு முழங்கால் அன்னைக்கு ரொம்ப வலி.

மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். "சடையன் ஞாயித்துக்கிழமையே கிளப்புக்குப் போன் பண்ணிச் சொன்னதாச் சொல்றானே வைரவன்?" நான் இல்லைன்னேன். எனக்கு எந்தப் போனும் வரலைன்னேன். வந்துச்சு, சொல்ல மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரிட்டயர் ஆக ஏழு மாசம். அவர் என்னைப் பாத்தார், சடையனைப் பாத்தார். சடையனை நாலு நாள்ல வேலையை விட்டு நிறுத்திட்டாங்க, தகவல் சொல்லாம தூங்கிட்டான்னு. இருபது வருஷ சர்வீஸ் அவனுக்கு. அவன் பாடி வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறப்போ என் வாசலைத் தாண்டித்தான் போனான். நிக்கலை. அவனுக்கு ஏதாவது செய்யணும்னு நினைச்சிருக்கேன். இன்னும் கைகூடலை.

அப்புறம் அந்தப் பொண்ணு எப்சிபா என் வீட்டுக்கு வந்துச்சு. முப்பதாம் நாள் ஜெபம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு, காலையில ஒரு பத்து மணி இருக்கும். வயிறு தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. உக்காரும்மான்னா உக்காரலை. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"சார், அவர் நீங்க சொல்லிக் குடுத்ததை எல்லாம் ஞாயித்துக்கிழமை ராத்திரி எனக்கும் சொல்லிக் குடுப்பார். நோட்டு என்கிட்டதான் இருக்கு"ன்னுச்சு.

"நல்ல பையன்மா"ன்னேன்.

"அன்னைக்கும் வந்து சொன்னார். மூணு ராஜாவை மடக்கிட்டேன், சார்கிட்ட அதை விடப் பெரிய சீட்டு இருந்துச்சுன்னு. உங்க கையில என்ன சார் இருந்துச்சு?"

ஒரு ஆறுதலுக்குத்தான் தம்பி சொன்னேன். செத்தவன் முட்டாள்தனமா மடக்கலை, சரியாத்தான் ஆடினான்னு அந்தப் பொண்ணு நினைச்சுக்கட்டுமே. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "மூணு எட்டு, ரெண்டு பத்தும்மா. அவன் பாத்திருந்தா தோத்திருப்பான்"னேன். அந்தப் பொண்ணு என் முகத்தைப் பாக்கலை. என் கையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. துக்கத்துல இருக்கிறவங்க நேருக்கு நேர் பாக்க மாட்டாங்க.

அப்புறம் கேட்டுச்சு, "சடையன் அண்ணன் உங்களுக்குப் போன் பண்ணினாரா சார்?"

"இல்லைம்மா"ன்னேன். சாரல்ல கண்ணாடி மறுபடியும் மங்கிப் போச்சு, துடைச்சேன். "எனக்கு எந்தப் போனும் வரலை."

"சரி சார். இது போதும்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. அழலை. ஒரு வார்த்தை கடுசாப் பேசலை. நம்பிருச்சுன்னுதான் நினைச்சேன். எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு.

எட்டு மாசம் ஒண்ணும் இல்லை. நான் ரிட்டயர் ஆனேன், மாலை போட்டாங்க. போன மாசம் ஒரு கவர் வருது. சடையனை வேலையை விட்டு எடுத்தது சரியா, தவசீலன் எப்படிச் செத்தான்னு மறுபடியும் விசாரிக்கணும்னு எப்சிபா மனு குடுத்திருக்கு. கூடவே டாக்டர் எழுதிக் குடுத்த ஒரு தாள். படிச்சுப் பாத்தேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை சீட்டை வாரி அடுக்கும்போது நான் கட்டுல செருகின அஞ்சையும் டாக்டர் பாத்திருக்கார். ஏஸ், ஒம்பது, ஏழு, நாலு, மூணு. அப்படியே எழுதியிருக்கார். கிளப்ல போன் அடிச்சதையும், ஃபேக்டரியில கரண்ட் இல்லைன்னு நான் சொன்னதையும், ஃபேக்டரியில அன்னைக்குக் கரண்ட் போகவே இல்லைங்கிறதையும் எழுதியிருக்கார். இதை எல்லாம் அடக்கம் முடிஞ்ச மறுநாளே எப்சிபாகிட்ட சொல்லிட்டேன்னு கடைசியில ஒரு வரி.

எனக்கு அதுதான் விளங்கலை. மறுநாளே தெரியும்னா, முப்பதாம் நாள் வந்து என் கையில என்ன இருந்துச்சுன்னு எதுக்குக் கேக்கணும்? தெரிஞ்ச விஷயத்தை வந்து கேட்டுட்டு, நான் சொன்னதை வாங்கிக்கிட்டு, அப்புறம் போனைப் பத்திக் கேட்டுட்டு... என்ன பிரயோஜனம் அதுல? படிச்ச பொண்ணு. ஆனா துக்கத்துல மனுஷங்களுக்குப் புத்தி ஒரு நிலையில இருக்காது. அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

இன்னைக்குச் சடையன் வருவான். டாக்டர் வருவார். அந்தப் பொண்ணு கைக்குழந்தையோட நாசரேத்துலேருந்து வருதாம். பொண் குழந்தை. வரட்டும். போன் வந்ததுக்கு ரிக்கார்டு கிடையாது, சடையன் சொல்லு ஒரு பக்கம், என் சொல்லு ஒரு பக்கம். டாக்டர் சொல்றது சீட்டுக் கணக்கு. சீட்டாட்டத்துல உதார் விட்டதுக்கு எந்தச் சட்டத்துல தண்டனை இருக்கு? அவங்க கையில ஒண்ணும் இல்லை தம்பி. கட்டிப் பாக்குறாங்க. நான் மடக்க மாட்டேன். கடைசி வரைக்கும் போவேன்.

என்ன, ஒரு மாதிரி பாக்குறீங்க. வளைவு ஒத்துக்கலையா? இல்லையா. பின்னே?

கேளுங்க, கேளுங்க. இவ்வளவு நேரம் நான்தானே பேசினேன்.

ஓ. அதுவா. ஆட்டம் முடிஞ்ச பின்னாடி, சாயந்திரம் ஒண்ணா நடந்து வர்றப்பவாவது ஆனை நிக்குதுன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே, அதானே.

எல்லாரும் இதையேதான் கேப்பாங்க. சீட்டு ஆடத் தெரியாதவங்க எல்லாரும் இதையேதான் கேப்பாங்க. இதோ என் ஸ்டாப் வந்துருச்சு, கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க. நான் சொல்லியிருந்தா என்ன ஆகும்? எப்போ தெரியும்னு கேப்பான். மதியம் ரெண்டு மணிக்கேன்னு சொல்லணும். அப்புறம் ஏன் இருபது வச்சீங்கன்னு கேப்பான். என் கையில என்ன இருந்துச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சு போயிரும். ஆட்டத்துல மடக்கிட்டுப் போனவனுக்குச் சீட்டைக் காட்டுற வழக்கமே கிடையாது தம்பி. அதைப் பாக்கணும்னா அவன் இருபது குச்சி வச்சிருக்கணும். அவன் வைக்கலையே.